வெள்ளிக்கிழமை மீன்

பள்ளிக்கூடம் விடும்போதே டிசம்பர் இருட்டு கவிகிறது. வாசல் தூறலில் லியான் நிற்கிறாள். தள்ளுவண்டியில் அவளுடைய கடைசிப் பெண் ஒலிவ் ஈரக் கையுறையைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். அரசாங்கம் தரும் பிள்ளைப் பணம் இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதாகப் பிறந்த ஒலிவுக்குக் கிடையாது. மூத்தவள் டார்சி தம்பியோடு வருகிறாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து ஒலிவின் மடியில் பிரிக்கிறாள். மதியம் பள்ளியில் இலவசச் சாப்பாடு பரிமாறும்போது நான் அவள் தட்டில் வைத்த மீன் துண்டுகள் இரண்டும் நசுங்கிக் கிடக்கின்றன. “நீ சாப்பிடலையாடி?” “சாப்ட்டேன்மா. இது ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனது.” லியான் என்னைப் பார்க்கிறாள். “நெஜமாவா, மொரீனக்கா?” வெள்ளிக்கிழமை மீனை யாருக்கும் மறுபடி வைப்பதில்லை. டார்சியும் என்னையே பார்க்கிறாள். என் கையில் இன்னும் எண்ணெய் வாடை. “ஆமா கண்ணு, இன்னைக்கு நெறைய மிச்சம்” என்கிறேன். ஒலிவ் மீனைப் பிய்த்துத் தின்கிறாள். தூள் தூளாய் வண்டியில் உதிர்கிறது. லியான் டார்சி பக்கம் திரும்புகிறாள். “அப்ப உனக்கு வயிறு ரொம்பியிருக்கும். வீட்ல இருக்கற ஒரு டப்பா பீன்ஸ இவங்க ரெண்டு பேருக்கும் போட்டுடறேன், சரியா?” டார்சி தலையாட்டுகிறாள். நானும் தலையாட்டுகிறேன்.