பூனைக்கு வாங்கிய மருந்து

"விடியக்காலைல வர்ற மயக்கம் சாதாரணமில்ல. ரத்தத்துல இன்சுலின் தாறுமாறா இருக்கு. வீட்ல யாராச்சும் இன்சுலின் ஊசி போட்டுக்கிறாங்களா?" டாக்டர் கேட்டார்.

மிட்சுயோவுக்கு வீட்டுப் பூனையின் நினைவு வந்தது. சர்க்கரை நோய் வந்த பூனை கினாகோவுக்குத் தினமும் இன்சுலின் ஊசி போடுவது கணவர் தொகுஜிதான். அவள் முதலில் மயங்கி விழுந்த மறுநாளே, அந்த மருந்தை அவர் சமையலறையில் மிசோ விழுது டப்பாவுக்குப் பின்னால் ஒளித்ததைப் பார்த்திருந்தாள்.

"யாருமில்லீங்க" என்றாள்.

மறு சோதனை முடிவு வந்ததும் டாக்டர் சிரித்தார். "ஊசியே இல்ல. நீங்க இளைக்கறதுக்குச் சாப்பிடுற மாத்திரையோட வேலை. உங்க உடம்பே இன்சுலினைப் பிடிச்சு வச்சுக்கிட்டுத் திடீர்னு விடுது. மாத்திரையை நிறுத்துங்க, சரியாயிடும்."

வெளியே காத்திருந்த தொகுஜியிடம் கேட்டாள். "பின்ன எதுக்குங்க பூனை மருந்தை ஒளிச்சு வச்சீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊசி கூடிப்போனா கினாகோவும் இப்படித்தான் மயங்கும். நீயே போட்டுக்கிறியோன்னு பயந்துட்டேன்டி."