வாய்விட்டுக் கேட்டவள்

“ஏனுங்க, நான் ஊட்டுக்கே போயர்றனுங்க.”

கோவை விமான நிலையத்தில், ஷார்ஜா விமானத்துக்கான வரிசையில் நின்றுகொண்டு தெய்வாத்தாள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

“சும்மா நில்லு புள்ளே. காரமடையில இருந்து பெட்டி கட்டி வந்துபோட்டு இப்பப் போயி…” என்றார் பாலுசாமி. சட்டைப் பைக்குள் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது எத்தனையாவது தடவையோ.

இருவருக்கும் இதுதான் முதல் விமானம். ஷார்ஜாவில் மகள் கீதாவுக்கு ஒன்பதாம் மாதம். மாமியார் இல்லாத வீடு. இவர்கள் போனால்தான் பிரசவத்துக்கு ஆள்.

கீதா போனில் பேசி அனுப்பியிருந்ததை எல்லாம் தெய்வாத்தாள் மனப்பாடம் செய்திருந்தாள். பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஆபீசர் கேட்டதற்கு மட்டும் பதில்.

“அவுங்க இங்கிலீசுல கேட்டா?”

“சிரிச்சு வெய்யி.”

“சிரிச்சா சந்தேகப்பட மாட்டாங்களா?”

பாலுசாமி மறுபடியும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பின்னால் நின்றிருந்த பெண் காதில் இருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். முப்பது வயதிருக்கும். ஜீன்ஸ், தோளில் ஒரே ஒரு பை.

“வாசம் தூக்குதுங்கம்மா. கட்டைப்பைக்குள்ள என்னங்க?”

“மசால்பொடி கண்ணு. எம்புள்ளைக்கு. மல்லி, சீரகம், கசகசா, மொளகு எல்லாம் நானே வறுத்து அரைச்சது.”

அந்தப் பெண் வரிசையின் முன்பக்கத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“அதை எனக்குக் குடுத்துருங்கம்மா.”

தெய்வாத்தாளுக்கு முதலில் புரியவில்லை. “ஒரு காகிதத்துல கொஞ்சமா மடிச்சுத் தரட்டுங்களா அம்மணி?”

“கொஞ்சம் வேண்டாமுங்க. பூராவும் வேணும். இந்தப் பொடியைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. பெட்டிக்குள்ள வேற எங்காச்சும் வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங் கண்ணு. இது ஒண்ணுதான்.”

சொல்லிக்கொண்டே தெய்வாத்தாள் அரைக்கிலோ பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு வேகமாக நடந்து போனாள்.

“உனக்குக் கிறுக்கா?” பாலுசாமி பல்லைக் கடித்தார். “ரெண்டு நாள் அடுப்படியில நின்னு வறுத்தியே!”

“யாரு எதைக் குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னுதானுங்க உங்க மக சொன்னா. யாராச்சும் கேட்டா என்ன பண்றதுன்னு சொல்லலீங்களே!”

“பெட்டியில வேற இருக்குதான்னும் கேக்கறா பாரு. வெக்கங்கெட்டவ.”

பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போன பாலுசாமி, வாசலில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மேலாகவே கிடந்தது பொட்டலம். பிரிக்கக்கூட இல்லை.

விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து எதிரே போய் நின்றார்.

“வேண்டாம்னா கேக்காம இருந்திருக்கலாமுங்கல்ல? பெத்தவ கையில வறுத்ததைக் குப்பையிலயா போடுவாங்க?”

அவள் எழுந்து நின்றாள். “மன்னிச்சுக்குங்க ஐயா.” அவ்வளவுதான். மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பாலுசாமி அதைப் போய் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். விமானம் மேலே ஏறும்போது தெய்வாத்தாள் பயத்தில் அழுதாளா, பொடிக்காக அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஷார்ஜாவில் இறங்கியதும் அவள் பயந்ததே நடந்தது. ஓர் ஆபீசர் கையைக் காட்டி இவர்களைத் தனியே நிறுத்தினார். கட்டைப்பையைக் கவிழ்த்தார். முறுக்கு டப்பாவைத் திறந்தார். மஞ்சள்தூளை மோந்து பார்த்தார். தெய்வாத்தாள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே மாப்பிள்ளை அருள்குமார் காத்திருந்தான்.

“என்னங்கத்தை, கண்ணெல்லாம் செவந்திருக்குது?”

“ஒருத்தி மசால்பொடியைக் கேட்டு வாங்கிக் குப்பையில போட்டுட்டாளுங்க மாப்பிள்ளை. கசகசா எல்லாம் போட்டு அரைச்சதுங்க.”

அருள்குமார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“கசகசாவா? அத்தை, இந்த ஊர்ல அது போதைப்பொருளுங்க! கொண்டாந்தா ஜெயிலுங்க. இதைச் சொல்லாம உட்டுப்போட்டோமே…”

பாலுசாமி திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் டாக்சி வரிசையில் நின்றிருந்தாள். கிட்டத்தட்ட ஓடினார்.

“கண்ணு, நான் உன்னைய என்னென்னமோ நெனச்சுப்போட்டேன். விசயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா அம்மா விமானம் ஏறியிருப்பாங்களா? வரிசையில நிக்கறப்பவே மூணு தடவை ஊட்டுக்குப் போறேன்னாங்க. கேட்டுட்டுத்தான் நின்னேன்.”

“நீ இங்க வேலையில இருக்கிறயா கண்ணு?”

“இல்லீங்கய்யா. ஜெயில்ல இருக்கிற எங்கம்மாவைப் பாக்க வந்திருக்கேன்.” டாக்சிக் கதவைத் திறந்தாள். “அவுங்களும் இதே பொடியைத்தானுங்க கொண்டாந்தாங்க. அன்னைக்கு வரிசையில பின்னால நின்னவங்க யாரும் கேட்டு வாங்கலீங்க.”