கதவில் எழுதிய வார்த்தை

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மணவாளன் சட்டைப் பையிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்ததும், கதவுக்குப் பின்னால் நின்ற கஸ்தூரி இடுக்கில் கண்ணை வைத்தாள். பரீட்சை ஆரம்பமாகிவிட்டது.

இந்தக் கடலூர்க்காரரைப் பற்றித்தான் பாகூர் முழுக்கப் பேச்சு. பாட்டு வேண்டாம், கோலம் வேண்டாம். ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதி அர்த்தம் கேட்பாராம். இதற்குள் மூன்று வீட்டில் கேட்டாயிற்று. மூன்று பெண்களும் விழித்தார்கள். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"சும்மாவா பின்னே," என்று தரகர் சாமிநாதன் பெருமையாகச் சொல்லியிருந்தார். "கடலூர்ல பெரிய பெரிய கடைக்கெல்லாம் இவுரு கையாலதான் இங்கிலீஷ் எழுதணும்."

இந்த இடமும் தட்டிப்போனால் நெட்டப்பாக்கம் பச்சையப்பனுக்கு இரண்டாந்தாரம் என்று அப்பா சிவப்பிரகாசம் முடிவு செய்துவிட்டார். பச்சையப்பனுக்கு நாலு காணி கரும்பு இருந்தது. அதைக் கடிக்கப் பல்தான் இல்லை.

மணவாளன் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுத வேறு பலகை அகப்படாததால், கஸ்தூரி ஒளிந்திருந்த கதவையே தேர்ந்தெடுத்தார். முதலில் நட்டநடுவில் ஓர் எழுத்து. பிறகு அதற்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்ததுபோல் நின்றது.

"இங்கிலீசை நடுவுலேர்ந்துதான் எழுதுவாங்க போலிருக்கு," என்று அம்மா கனகாம்பாள் பயபக்தியோடு முணுமுணுத்தாள்.

"இதுக்கு அர்த்தம் சொன்னாப் போதும்," என்றார் மணவாளன். அதைப் படித்துக் காட்டும் இரக்கம்கூட அவருக்கு இல்லை.

கஸ்தூரி தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பாகூர் பிரெஞ்சுக்காரர் ஆளும் ஊர் என்பதால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனாள்; பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதானே. இங்கிலீஷ்காரர்கள் 'என்லார்ஜ்' என்று சொல்லும் அந்த வார்த்தைக்குள், அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. 'லார்ழ்'. ஆறு அகலமாக ஓடுகிறது என்ற பாடத்தில் வருமே, அந்த 'அகலம்'. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்த அந்தப் புத்தகத்தை அவள் புரட்டாத நாளில்லை. முன்னால் ஒட்டியிருந்த இரண்டெழுத்தும் பழகியவைதான். அப்படி ஆக்கு என்று ஏவுகிற எழுத்துகள்.

அம்மாவின் காதில் சொன்னாள்.

"எங்காதுல சொல்லி இன்னாடி ஆவப்போவுது? அவருகிட்ட சொல்லு," என்று அம்மா அவளை வெளியே தள்ளினாள்.

"அகலமாக்குறது... பெருசு பண்றது," என்றாள் கஸ்தூரி தரையைப் பார்த்தபடி. சொல்ல ஆரம்பித்த வாய் நிற்கவில்லை. "அது பொறந்த வூடு பிரெஞ்சுங்க. எப்பவோ கடல் தாண்டி இங்கிலீஷுக்கு வாக்கப்பட்டுப் போயிருக்கு."

தரகருக்கு முகம் வெளுத்தது. இங்கிலீஷ் மாப்பிள்ளையிடம் போய் இங்கிலீஷ் இரவல் என்றா சொல்வது? அப்பா பல்லைக் கடித்தார். கஸ்தூரியின் கண்முன் நெட்டப்பாக்கத்துக் கரும்பு அசைந்தாடியது.

மணவாளனோ யாரையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தபடி, 'பெருசு பண்றது, பெருசு பண்றது' என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, நல்ல நாள் பார்க்கச் சொன்னார்.

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. அப்படியானால் பெண் சொன்னது சரிதானா என்று கேட்டார்.

மணவாளன் விரலில் ஒட்டியிருந்த சாக்குத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போட்டோக் கடைக்கு நான் வரைஞ்ச போர்டுக்கு எனக்கே இன்னிக்குத்தான் மாமா அர்த்தம் தெரிஞ்சுது."