பாதிச் சவரம்

மகள் கல்யாணத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை திறந்த க்ளீவ்லாந்து சலூனில் செப்டம்பர் வெயில், டுவெயினின் ஒரு கன்னத்தில் காயும் சோப்பு நுரையில் விழுகிறது. மறு கன்னம் மழமழவென்றிருக்கிறது. சலூன்காரர் லெஸ்டர் கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் ரேடியோவில் அவர்கள் ஊர் பேஸ்பால் அணி அடிக்கத் தொடங்கியது. தொட்டால் ராசி போய்விடும் என்று ஆட்டம் முடியும்வரை அவர் அதைத் தொடுவதாக இல்லை. இன்று ஜெயித்தால் பிரிவுப் பட்டம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லெஸ்டரின் கைகள் சும்மா இருக்கமாட்டேன் என்கின்றன. துண்டை மடிக்கின்றன, மடித்ததைப் பிரிக்கின்றன. கதவைத் தள்ளிக்கொண்டு டுவெயினின் மனைவி மார்லீன் தலையை நீட்டுகிறாள். "பொண்ணு சர்ச்சுல காத்துக்கிட்டிருக்கா. அரை மூஞ்சியோடவா அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவ?" "பொறுடி. பேஸ்ல ரெண்டு பேரு நிக்கிறானுங்க. ஓடி வந்து சேந்துட்டா பட்டம் நமக்குத்தான். அடிக்கப்போறவன் கடைசி ஆளு, அவன் அவுட்டானா ஆட்டம் முடிஞ்சுது." டுவெயினின் உதடு மட்டும் அசைகிறது. "டேய் லெஸ்டர், கத்தியத் தொட்ட, கொன்னுடுவேன்." "யாருடா தொட்டா?" பந்து வானத்தில் எழும்புகிறது என்று வர்ணனையாளர் கத்துகிறார். மார்லீன்கூட வாசலிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போகிறது, போகிறது என்ற குரல் சட்டென்று இறங்குகிறது. வேலியோரம் பந்தைப் பிடித்துவிட்டார்கள், அவுட். புருஷனும் பெண்டாட்டியும் ரேடியோவை விட்டுவிட்டு லெஸ்டரின் வலது கையைப் பார்க்கிறார்கள். லெஸ்டரும் குனிந்து பார்க்கிறார். எப்போது எடுத்தாரோ, கை கத்தியைத் தோல்வாரில் மேலும் கீழுமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறது.