நான்காம் வரி

ஐந்து பல்கலைக்கழகங்களும் கைவிரித்துவிட்டன என்பதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான் அப்தியேல்.

"ஒண்ணுகூட இல்ல மிஸ். அஞ்சும் ஒரே மாதிரி. 'வருந்துகிறோம்'னு ஆரம்பிக்குது."

நெரேய்தா நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை. கூட வந்திருந்த தங்கை யாரெட்சியை அதில் உட்கார வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டான். விடிகாலையில் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போய்விட்டு அப்படியே வந்திருக்கிறான். சட்டையில் இலைத்தூள் ஒட்டியிருந்தது.

இந்தச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படிப்பது, அப்புறம் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடம் சேர்ந்து கணினி அறிவியல் பட்டம் வாங்குவது. இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்து இங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய கனவு இதுதான்.

எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் வழி போட்டுக் கொடுப்பது நெரேய்தாவின் வேலை. அப்தியேலுக்கும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். அவன் அதிலிருந்து ஒரு பாடம்கூடப் பிசகவில்லை.

அவனுடைய கோப்பைத் திரையில் திறந்தாள். விரலை வைத்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள்.

நான்காம் வரியில் விரல் நின்றது.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னாச்சு மிஸ்?"

"வெளிச்சம். கண்ணு கூசுது."

"எங்க கோட்டை விட்டேன்னு எனக்கே தெரியும் மிஸ்," என்றான் அவன். "அப்பா ஏணியிலேருந்து விழுந்தாரே, அந்தப் பருவம் கணக்குல ஒரு 'பி' வாங்கினேன். மத்ததெல்லாம் 'ஏ'. அந்த ஒண்ணுதான் கவுத்துடுச்சு."

பல்கலைக்கழகங்கள் காரணம் எழுதுவதில்லை. காரணத்தை அவனே தேடிக் கண்டுபிடித்து, அதோடு சில இரவுகள் தூங்காமலும் இருந்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பாதாம் ஆலையில நிரந்தர வேலைக்குக் கூப்பிடறாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். உண்மையச் சொல்லுங்க மிஸ். இன்னும் ஒரு வருஷம் இருந்து எழுதிப் போட்டா கிடைக்குமா? கிடைக்கும்னு நீங்க சொன்னா இருக்கேன். வீட்டுல நான் பேசிக்கறேன்."

நெரேய்தா மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

"போட்டி ரொம்ப அதிகமாயிடுச்சு, அப்தியேல். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

அவன் தலையாட்டினான். எதிர்பார்த்திருந்தவன் போல, இரண்டு மூன்று தடவை.

"சரி, என் கதை போகட்டும். இவளுக்கு ஒரு வழி போட்டுக் குடுங்க மிஸ். இவளுக்கும் கம்ப்யூட்டர்தான். ஆகஸ்டுல இங்க சேரப் போறா. என்னை மாதிரி மக்கு இல்ல, வீட்டுலயே மூளை இருக்கற ஒரே ஆள்."

"சும்மா இரு," என்று யாரெட்சி முழங்கையால் அவனை இடித்தாள்.

நெரேய்தா தட்டத் தொடங்கினாள். இந்த முறை ஒவ்வொரு பாடத்தையும் பல்கலைக்கழகப் பட்டியலோடு வைத்துப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். அச்சாகி வந்த தாளைப் பெண்ணிடம் நீட்டினாள்.

யாரெட்சி தன் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தாள். மடிப்புகளில் கிழிந்து, பசைநாடா ஒட்டிய தாள். இரண்டு வருடமாக அப்தியேல் பர்ஸில் வைத்திருந்தது. தங்கைக்கு உதவும் என்று கொடுத்திருக்கிறான்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"மிஸ், இவனுக்கு பிசிக்ஸ் ரெண்டுன்னு போட்டிருக்கு. எனக்கு நாலுன்னு இருக்கே?"

பிசிக்ஸ் இரண்டு, மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள் படிப்பது. கணினி அறிவியலுக்கு நான்கு வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தைத் திறந்த கையோடு மூடிவிடுவார்கள். கணக்கில் எத்தனை 'ஏ', எத்தனை 'பி' என்று பார்க்கும் இடத்துக்கே அது போகாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு மதியம், வெளியே வரிசை நின்றிருக்க, பட்டியலில் தவறான வரியைத் தொட்டது நெரேய்தாவின் விரல்.

இப்போது அந்தப் பாடத்தை எடுத்தால் ஒரு வருடம். பிறகு அந்த ஐந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களாவது அவனைக் கூப்பிடும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

போன வருடம் ஒரு மாணவி கொடுத்த புகார் இன்னும் நெரேய்தாவின் பெயரில் தீராமல் கிடக்கிறது. ஜூனில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

"மாத்திட்டாங்கம்மா," என்றாள். "இந்த வருஷத்துலேருந்துதான்."

"பாத்தியா!" அப்தியேல் தங்கையின் தலையில் செல்லமாகத் தட்டினான். "உனக்குன்னு எல்லாம் தானா அமையுது."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான்.

"ஆலைக்காரருக்குச் சரின்னு சொல்லிட்டு வந்துடறேன். வரும்போது உங்களுக்கு ஒரு காபி வாங்கிட்டு வரட்டுமா மிஸ்? ரெண்டு வருஷமா எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க."

நெரேய்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"சர்க்கரை வேண்டாம்," என்றாள்.