சின்சினாட்டிக் கத்தி

பெண் கேட்டு வந்தவன் கையில் கத்தியோடு வாசலில் நின்றான்.

"ஐயோ டானியல், இதையுமா கொண்டு வந்தாய்?" என்று ஆங்கிலத்தில் பதறினாள் தனுஷியா.

டானியல் பெருமையோடு தோல் உறையைத் திறந்து காட்டினான். கொம்புப் பிடி போட்ட பழைய சவரக்கத்தி. அவனுடைய பூட்டனுக்குத் தகப்பன் யோஹான் ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போய், அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் கடை போட்டு, ஊர்த் தாடியெல்லாம் வழித்த கத்தி அது. அமெரிக்காவிலிருக்கும் அத்தை அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து தபாலில் அனுப்பியிருந்தாள்.

"கப்பல் கதையைச் சொல். அவர் பார்பர் என்பதை மட்டும் சொல்லாதே. விவசாயம் செய்தார் என்று சொல், கெஞ்சிக் கேட்கிறேன்."

"ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்ததே அதைத்தானே! அதை விட்டால் சொல்ல என்ன இருக்கிறது?" என்று சிரித்தான் அவன். தோலைப் போலவே மனமும் வெள்ளை.

எல்லாம் அவளுடைய அப்பா குலசேகரத்தால் வந்த வினை. ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை செய்யும் அமெரிக்க டொக்டரைக் கட்டப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அவர் கத்தவுமில்லை, குதிக்கவுமில்லை. "அவையள் என்ன தொழில் செய்த ஆக்கள்? பரம்பரையை விசாரிச்சு வந்து சொல்லச் சொல்லு," என்று மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை என்றால் ஒரு போன் கார்டைச் சுரண்டினால் போதும், ஊரிலிருந்து சாதி சனம் எல்லாம் வந்து விழுந்துவிடும். அமெரிக்கனுக்கு எந்த ஊருக்குப் போன் போடுவது? பாவம், டானியல் இன்டர்நெட்டே கதியென்று கிடந்தான். பழைய கப்பல் பதிவுகளையும் தேவாலயப் பதிவுகளையும் கிளறினான்.

முதலில் பியர் ஆலை வைத்திருந்த ஒரு யோஹான் அகப்பட்டார். தனுஷியாவுக்கு அவரே தாராளமாகப் போதும். டானியல்தான் அரிச்சந்திரனுக்குத் தம்பி மாதிரி, "பெயர்தான் ஒன்று, இவர் எங்கள் ஆளில்லை," என்று அந்தப் பணக்காரரைக் கைவிட்டு, இந்தக் கத்திக்காரரைத் தேடிப் பிடித்தான்.

அப்பாவை நினைக்க அவளுக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தன. லண்டனில் அவர் யாரோடும் ஒட்டியதில்லை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனாலும் கும்பிட்ட கையோடு திரும்பிவிடுவார். "ஊரிலை எவடம்?" என்று யாராவது கேட்டால், "கொழும்புப் பக்கம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். தலைக்கனம் பிடித்த மனிதர்!

அவளுக்குப் பேசி வந்த மூன்று சம்பந்தமும் விசாரிப்போடு நின்றுபோயின. ஒவ்வொரு முறையும் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். அவ்வளவு கோபம். நாலாவதும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது; தடுக்கத்தான் வழி தெரியவில்லை.

உள்ளே குலசேகரம் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு சோபாவில் காத்திருந்தார். அம்மா சந்திரவதனா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இருங்கோ தம்பி. சொல்லுங்கோ," என்றார் அப்பா.

டானியல் சொன்னான். கப்பலைச் சொன்னான், காய்ச்சலில் செத்த முதல் மனைவியைச் சொன்னான், பிள்ளைகளைச் சொன்னான். தனுஷியா கண்ணால் கெஞ்சினாள், காலால் மிதித்தாள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். மொழிபெயர்ப்பில் மாற்றிச் சொல்லித் தப்பவும் முடியாது.

"அவர் ஒரு பார்பர்," என்றான் டானியல் கண்கள் மின்ன. "அந்தத் தெருவிலேயே கெட்டிக்காரப் பார்பர்." கத்தியை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தான்.

வெளியே ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் கண்கள் சிவந்து போயிருந்தன.

தனுஷியாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, ஆரோ எப்பவோ செய்த தொழிலுக்கு இவர் என்ன செய்யிறது? அந்த மூண்டையும் நிப்பாட்டின மாதிரி இதையும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. என்னாலை ஏலாது அப்பா." சொல்லும்போதே அழுகை வெடித்துவிட்டது.

"நான் நிப்பாட்டினனா?" என்று கேட்டார் குலசேகரம். "ஊருக்குப் போன் போட்டு விசாரிச்சவை மாப்பிள்ளை வீட்டுக்காரர். வேண்டாமெண்டு சொன்னவையும் அவைதான்."

"அவையா? ஏன்? எங்களிலை என்ன குறை?"

அவர் கத்தியைக் கையில் எடுத்தார். தபால் கந்தோரில் முத்திரை குத்தி மட்டுமே அவள் பார்த்திருந்த கை, ஒரே சுண்டலில் அதை விரித்தது. சின்னவிரல் தானாகப் போய் வால் முனையில் அமர்ந்தது. அலகை உள்ளங்கையில் அப்படியும் இப்படியும் லேசாகத் தீட்டிவிட்டு, மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்ர அப்பப்பாவும் இதைத்தான் பிடிச்சவர், பிள்ளை."