துவைக்கப் போட்ட திரைச்சீலை

எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் வெயில் அறைக்குள் கூசுகிறது. ஜன்னலின் நீலத் திரைச்சீலையைக் காலையில்தான் கழற்றித் துவைக்கப் போட்டார்கள். மேசையில் சாய்த்துவைத்த போனில், ஒப்பனை வீடியோக்களால் பேர் வாங்கிய அக்கா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அதே திரைச்சீலை அசைகிறது. நேற்றே எடுத்துவைத்த வீடியோ அது. குளிக்கச் சோம்பலான நாட்களில் இப்படி ஓடவிட்டு நேரலை என்பாள், ஊரே நம்பும். நிஜ அக்கா தலை நிறைய எண்ணெயோடு, நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு டீயில் பிஸ்கட் நனைக்கிறாள். எந்த வீடியோவிலும் தலைகாட்டாத தங்கை, வருகிற கருத்துகளை வாசிக்கிறாள்.

"முகத்துக்கு என்னக்கா போடுறீங்கன்னு கேக்குறாங்க."

"விளக்கெண்ணெய்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே அடுத்ததை வாசிக்கும் தங்கையின் குரல் பாதியில் தேய்கிறது. "திரையை ஏன் கழட்டிட்டீங்க?"

போனுக்குள் திரைச்சீலை இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது. பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுகிறது. தங்கை எழுந்து வெறும் ஜன்னலை அடைத்தபடி நிற்கிறாள். எதிரே வரிசை வரிசையாகக் கண்ணாடிகள் மின்னுகின்றன. எதற்குப் பின்னாலும் ஆள் தெரியவில்லை. அக்கா போனைக் கையில் எடுக்கிறாள். அதே ஆளிடமிருந்து அடுத்த வரி வந்திருக்கிறது.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. அக்கா தெரியல."